கேமரா இல்லாத கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நலம் என்று எழுதும்போதே என் வலது முழங்கால், என்னையும் சேர்த்தா சொல்கிறாய் என்று கேட்கிறது, அதை விடு. அங்கே நீ எப்படி இருக்கிறாய், குளிர் கொஞ்சமாவது குறைந்ததா, உன் கையால் கொடுத்தால்தான் மாத்திரை விழுங்குவேன் என்று உங்கள் முதியோர் இல்லத்தில் அடம் பிடிப்பாரே ஒரு பெரியவர், அவர் தேறிவிட்டாரா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். உன் அம்மா வழக்கம்போல ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குக்குக் காலையில் போய் மாலையில் வருகிறாள், வந்ததும் ஆயிரம் போர்வையை மடித்தவள் வீட்டில் ஒரு துண்டை மடிக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு வேலைக்குக் குறைவில்லை. வெயில் ஏறினால் ஊரில் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்தைக்கூடப் பட்டறையில் உட்கார்ந்து சர்வீஸ் பில்லின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், மசி வாசனையோடு கொஞ்சம் எண்ணெய் வாசனையும் வரும், பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டில் ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் கேட்கும், உன் பிள்ளை காதில் விழாமல் உன்னிடம் பேச இடமில்லை. அதோடு போனை எடுத்தால் எனக்குச் சாப்பிட்டாயா, மழை உண்டா, இந்த இரண்டுக்கு மேல் வாயில் வராது, அது உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று என்று நான் பெருமையாகச் சொன்னேன், கேமரா எப்படிப்பா இருக்கு என்று நீ கேட்டாய், அதை அவன் பட்டியலிலேயே அடித்துவிட்டான் என்று நான் யோசிக்காமல் உளறிவிட்டேன். அதற்கு நீ, "அத்தனை சாமான்ல நான் கேட்டது அது ஒண்ணுதாம்ப்பா, என் முகத்தைப் பார்க்கக்கூட அவனுக்குப் பிடிக்கலையா" என்றாய். அவனிடம் போனைக் கொடுங்கள் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாய். இன்றோடு மூன்று நாள் ஆகிறது, நீ கூப்பிடவில்லை. மாப்பிள்ளை இறந்த மறுவருஷம் நீ கிளம்பும்போது அவனுக்குப் பதினொரு வயது, இப்போது பதினைந்து. நாலு வருஷத்தில் பிள்ளை நம்மை மறந்துவிட்டான் என்று நீ அங்கே தனியாக உட்கார்ந்து முடிவு கட்டிவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் அழுவதோ திட்டுவதோ உன் இஷ்டம்.

நீ பணம் அனுப்பியது முதல் நம் ஆபீசரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவனுக்கு இப்போது ஆபீசர் என்றுதான் பேர், நான் வைத்ததுதான். சட்டைப்பையில் ஒரு காகிதம், காதில் ஒரு பென்சில், முகத்தில் சிரிப்பில்லை, பத்து வருஷம் சர்வீஸ் போட்ட குமாஸ்தா கெட்டார் போ. கம்ப்யூட்டர் என்றால் கடையில் போய் ஒன்றைக் காட்டி இதைக் கொடு என்று வாங்குவது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், ஒவ்வொரு சாமானாகத் தேர்ந்தெடுத்து வாங்கி நாமே பூட்ட வேண்டுமாம், அப்போதுதான் கொடுத்த காசுக்கு வேலை செய்யுமாம். அவன் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டான், அம்மா அனுப்பினதுக்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது என்று. மூன்று வாரம் எழுதி எழுதி அழித்தான். பிராசசரில் இந்த வருஷத்து மாடல் வேண்டாம், இரண்டு வருஷம் முந்தியதே போதும் என்றான். கிராபிக்ஸ் கார்டு, அதுதான் விளையாட்டைத் திரையில் ஓட வைக்கிற சாமான், அதைப் புதிதாக வாங்கினால் பாதிப் பணம் போய்விடும், பழையதில் நல்லதாகப் பார்ப்போம் என்றான். கலர் கலராக விளக்கு எரிகிற கீபோர்டு முதல் வாரமே போயிற்று, பெரிய மானிட்டர் இரண்டாம் வாரம் போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிறதேடா என்றேன். விரலுக்கேத்த வீக்கம் தாத்தா என்றான், அந்த வயதில் நீ ஒரு செருப்புக்காக இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தாய், ஞாபகம் இருக்கிறதா.

கடைசி வாரத்தில்தான் கேமராவை அடித்தான். அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ரேம், அதுதான் மெஷினின் ஞாபகசக்தியாம், எட்டு என்று இருந்த இடத்தில் எட்டும் எட்டும் என்று திருத்தியிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. டேய், அம்மா கேட்டது அது ஒன்றுதானே, கேமராவுக்குத் தாத்தா காசு போடுகிறேன், நீ உன் ரேமை வாங்கிக்கொள் என்றேன். வேண்டாம் தாத்தா என்றான். ஏன்டா என்று கேட்டதும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம்தான். விளையாட்டு வெறியில் பெற்றவளை ஒரு கோட்டில் அடித்துவிட்டானே என்று உன் அம்மாவிடம் புலம்பினேன். காசு இல்லாமல் அடித்திருந்தால் நீங்கள் தருகிறேன் என்றதும் வாங்கிக்கொண்டிருப்பான், வேறு ஏதோ இருக்கிறது, வாயைக் கிளறாமல் விடுங்கள் என்றாள். அவள் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அப்படி உளறியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். இரண்டாள் நுழைந்தால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை, சுவர் முழுக்க அட்டைப் பெட்டி. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். பையனைப் பார்த்ததும் பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கெரிகிற கேபினட்டைத் தூக்கி முன்னால் வைத்தார். விளக்கு எரிந்தால் உள்ளே சரக்கு வேகமாக ஓடுமா என்று நான் கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இல்லைங்க, வாங்குறவங்க வேகமா வாங்குவாங்க என்றார், உண்மையைச் சொல்கிற மனிதர் என்று அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. நம் ஆபீசர் முன்பக்கம் வலை போட்ட ஒரு சாதாரணக் கறுப்புப் பெட்டியைக் காட்டி இது போதும் என்றான். பவர் சப்ளை வந்தபோது கடைக்காரர் பேர் இல்லாத ஒரு மலிவுப் பெட்டியை நீட்டினார். நானும் அவனும் ஒரே மூச்சில் வேண்டாம் என்றோம். கம்ப்ரசர் கிளம்பும்போது எவ்வளவு கரண்டை இழுக்கும் என்று முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்தவன் நான், ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசி எத்தனை மெஷின் எரிந்து என் பட்டறைக்கு வந்திருக்கிறது. அவன் எங்கேயோ படித்திருக்கிறான். எப்படியோ அந்த ஒரு விஷயத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே கட்சி.

பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாட்டி ஓட்டிக் காட்டினார். படமெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. நான் காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, பேரிங் கத்துகிறது, இது வேண்டாம் என்றேன். கடைக்காரர், ஐயா, ஃபேன் சத்தம் எல்லாத்துலயும் வரும் என்றார். சத்தம் வேறு, முனகல் வேறு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தார், அதை ஒரு மணி நேரம் ஓட விட்டு, நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். இவன் வெட்கத்தில் கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, முதல் கார்டுல நிஜமாவே முனகல் இருந்துச்சா தாத்தா என்று மூன்று தடவை கேட்டான். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்ததை ஏன் மறைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து அவனே பூட்டினான். என் ஸ்க்ரூடிரைவர் செட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான், என்னைத் தொட விடவில்லை. பட்டனைத் தட்டியதும் உயிர் வந்தது. அந்த ஜோரில்தான் உனக்குப் போன் போட்டேன், அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான், காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். அன்று முழுக்க அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இனிமேல்தான் உன் அப்பாவின் பிரதாபம். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடம் போன பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பார்த்தால் முன்னால் ஓட்டை, மேலே ஓட்டை, பக்கத்தில் இடுக்கு, கையை வைத்தால் எல்லாப் பக்கமும் காற்று. என் தொழிலில் கதவு ஒரு நூல் இடைவெளி விட்டாலும் அது குற்றம், உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்விட்டால் மெஷின் நாள் பூராவும் ஓடி நாசமாகும். இப்படி ஓட்டைப் பெட்டியை விற்றுவிட்டானே அந்தக் கண்ணாடிக்காரன், பையனுக்கு விவரம் தெரியாது, நாமாவது சரி செய்வோம், கோபத்தில் பேசாமல் இருந்ததற்கும் ஒரு ஈடாக இருக்கும் என்று நினைத்தேன். பட்டறையிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போடுகிற காஸ்கெட் ரப்பரைக் கொண்டுவந்து, அளவெடுத்து நறுக்கி, மேலே, பக்கத்தில், முன்வலையின் உள்பக்கத்தில் என்று ஒரு இடுக்கு விடாமல் ஒட்டினேன். வெளியே தெரியாத அளவுக்கு நேர்த்தி. ஒரு எறும்பு மூச்சு விட வழியில்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் போட்டான், இருபது நிமிஷத்தில் பொட்டென்று நின்றது. மறுபடி போட்டான், பத்து நிமிஷம். மறுபடி, ஐந்து நிமிஷம். பிள்ளையின் முகம் சுண்டிப் போயிற்று. பழைய கார்டு வாங்கினது தப்பு, அம்மா காசைத் தண்ணியில போட்டுட்டேன் என்றான். கடைக்காரருக்குப் போன் போட்டான், நாளைக்குக் கொண்டுவா தம்பி பார்க்கலாம் என்றார். நான் பவர் சப்ளையில்தான் கோளாறு என்று மீட்டரை எடுத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்தேன். கார்டு செத்துவிட்டதென்றே நினைத்து அவன் ராத்திரி சாப்பிடவில்லை. நேற்று மாலை கடைக்குத் தூக்கிப் போக வேண்டுமென்று பெட்டியைத் தூக்கியவன் விரலில் ரப்பர் தட்டுப்பட்டது. தாத்தா, இது என்ன என்றான். காஸ்கெட்டுடா என்றேன். யார் ஒட்டினது என்றான். வேறு யார், நான்தான், குளிர் வெளியே போகாமல் இருக்க என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான் பாரு, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. "தாத்தா, இது ஃப்ரிட்ஜ் இல்ல, இதுக்கு மூச்சு விடணும், நீங்க அதோட மூக்கைப் பொத்திட்டீங்க" என்றான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. முதலில் எனக்கு ரோஷம் வந்தது, அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒட்டினதைப் பிய்க்க ஒரு மணி நேரமாயிற்று, நான் ஒட்டினால் லேசில் வராது. அவன் முன்பக்கம், நான் பின்பக்கம், நடுவில் பெட்டி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கை வேலையாக இருந்ததால் எனக்கும் தைரியம் வந்தது. ஞாயித்துக்கிழமை அம்மா வருத்தப்பட்டாடா என்றேன். தெரியும் தாத்தா, கேட்டுச்சு என்றான். இன்னொரு துண்டு ரப்பரைப் பிய்த்துத் தரையில் போட்டான். பிறகு அவனாகவே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை. "அம்மா வீடியோவில பார்க்கிறப்போ முகத்தை எப்படி வச்சுக்கிறதுன்னு எனக்குத் தெரியலை தாத்தா. சிரிச்சா, நாம இல்லாமலே இவன் நல்லாத்தான் இருக்கான்னு நினைப்பாங்க. சிரிக்கலைன்னா, வச்சதுக்கப்புறம் அழுவாங்க, கட் பண்றதுக்கு முன்னாடியே அவங்க மூக்கு சிவந்துடும். அதான் போனைத் திருப்பி ஃபேனைக் காட்டிடுறேன். பெரிய கேமரா வச்சா எங்க திருப்புறது" என்றான்.

கண்ணு, இரண்டு வருஷமாக உன் பிள்ளையைக் கூப்பிட்டால் சீலிங் ஃபேன்தான் பேசுகிறது என்று நீ கேலி செய்வாயே, காரணம் இதுதான்.

சரி, அந்தப் பணத்தில் ரேம் எதற்கு வாங்கினாய் என்று கேட்டேன். அதைச் சொல்லத்தான் ரொம்ப யோசித்தான். ஒரு விளையாட்டு இருக்கிறதாம், ஒரு தீவில் இரண்டு பேர் இறங்கி, மரம் வெட்டி, வீடு கட்டி, தோட்டம் போட்டு, மழை வந்தால் ஒதுங்கி, அப்படியே பேசிக்கொண்டே இருக்கலாமாம். ஜெயிக்கிறது தோற்கிறது ஒன்றும் கிடையாது. போன மாதம் உன் லேப்டாப் என்ன மாடல் என்று கேட்டானே, என் லேப்டாப் மேலயும் கண்ணு வச்சிட்டான் என்று நீ சொல்லிச் சிரித்தாயே, அது இதற்குத்தான். உன்னுடையது பழசு, தனியாக அதை இழுக்காது, விளையாட்டை நடத்துகிற பாரத்தை இவன் மெஷின் சுமந்தால் உன்னுடையது வந்து சேர்ந்துகொண்டால் போதுமாம். அப்படிச் சுமக்க ரேம் எட்டு போதாதாம், பதினாறு வேண்டுமாம். அதனால் கேமரா ஒரு துண்டு ரேமாயிற்று. முழுக்க உனக்காகவே எல்லாம் வாங்கினான் என்று நினைத்து உருகிவிடாதே, அந்தக் கிராபிக்ஸ் கார்டு கூட்டாளிகளோடு கார் பந்தயம் ஓட்டத்தான், அதையும் அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் ரேம் உனக்கு.

இதை அம்மாவிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். "கேட்டா உடனே சரின்னுடுவாங்க தாத்தா. டியூட்டி முடிச்சு வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு, பிடிக்காமலே எனக்காக உட்காருவாங்க, அது வேண்டாம். அவங்களுக்கே தோணணும்" என்றான். அவனுக்கு வேண்டியது நீ அவனை உட்கார வைத்துப் பார்ப்பது இல்லை, பக்கத்தில் இருந்து அவனோடு ஏதாவது செய்வதுதான். பதினைந்து வயதுப் பிள்ளை இதற்கு மேல் வாயைத் திறந்து சொல்ல மாட்டான், இவ்வளவு சொன்னதே என் காஸ்கெட் புண்ணியம்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இதற்காகத்தான் போனை விட்டுப் பேனாவை எடுத்தேன். நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் கையில் போனைக் கொடுக்கும்போது, சிரித்த முகமாகப் பேசுடா, அம்மா அங்கே ஒத்தையில் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நீ கிளம்பின அன்று பஸ் நிலையத்தில் உன்னைத் தனியாக அழைத்துப் போய், பிள்ளை முன்னால் அழுதுவிடாதே, அவன் தாங்க மாட்டான் என்று சொன்னவனும் நான்தான். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். அந்தப் பெட்டிக்குச் செய்ததைத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் செய்திருக்கிறேன் என்று நேற்று அந்த ரப்பரைப் பிய்க்கும்போது எனக்கு உறைத்தது. அப்பாவை மன்னித்துவிடு கண்ணு.

அதனால் ஒன்று செய். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற உன் முதல் லீவு நாளில் அவனைக் கூப்பிட்டு, புது கம்ப்யூட்டரில் என்னடா விளையாடுகிறாய், எனக்கும் ஒன்று சொல்லிக் கொடேன் என்று நீயே கேள். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே, விட்டால் ஆபீசர் என்னை வேலையை விட்டே நீக்கிவிடுவான். கடிதம் கிடைத்தது என்றும் போனில் சொல்லாதே, முழங்காலுக்குத் தைலம் போடுங்கள் என்று சொல், புரிந்துகொள்வேன். அது வரைக்கும் கோபத்தில் கூப்பிடாமல் இருந்துவிடாதே, ஃபேனைக் காட்டினாலும் பரவாயில்லை என்று கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தரையில் வழுக்காத செருப்பைப் போட்டுக்கொள், இரட்டை டியூட்டி கேட்டால் முதுகு வலி என்று சொல்லிவிடு, பொய்க்கு உன் அம்மா பொறுப்பு. நீயும் உன் பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், என் ஆயுசும் உங்களுக்குச் சேரட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

விளையாடும்போது அவன் உன்னை அதட்டுவான், கோபித்துக்கொள்ளாதே. நேற்று ராத்திரி, ரப்பரைப் பிய்த்த பிறகு மெஷின் நிற்காமல் ஓடியதும் என்னை உட்கார வைத்தான், நாலு தடவை கடலில் விழுந்து செத்தேன், கையைப் பட்டனில் இருந்து எடுங்க தாத்தா என்று தலையில் அடித்துக்கொண்டான். நீயும் விழுவாய், விழுந்தால் விழு. நடுவில் அழுகை வந்தால் அழுதுகொண்டே மரத்தை வெட்டு, யாரும் உன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா